இன்காவுக்கு முன்பிருந்த பெரு: அருங்காட்சியகங்களையும் பழம்பண்பாடுகளையும் தேடிச் செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரு நாட்டுக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். லிமாவில் ஓர் இரவு, விமானத்தில் குஸ்கோ, அங்கிருந்து மச்சு பிச்சு, மறுபடியும் லிமா. என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. ஊர் திரும்பிய பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிற்றரசாக இருந்த இன்காக்கள் பேரரசாகப் பெருகத் தொடங்கியது ஏறத்தாழ 1438-இல். ஸ்பானியர்கள் அவர்கள் அரசனைச் சிறைபிடித்தது 1532-இல். இடைப்பட்ட காலம் நூறு ஆண்டுகூட இல்லை. அதே நாட்டில் கரால் என்னும் நகரம் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து நின்றது. ஒரு பெருங்கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது பல மாதங்கள் மனத்தை உறுத்தியது.

இரண்டாம் முறை போனபோது வரிசையைத் திருப்பிப் போட்டேன். லிமாவில் தொடங்கி, வடக்குக் கடற்கரைக்குப் போய், குஸ்கோவைக் கடைசியில் வைத்தேன். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத்தான் சொல்கிறது. நிதானமாகப் பார்க்க 16 நாட்கள் வேண்டும். 12 நாட்கள்தான் உண்டு என்றால் ஆறாம் படியை விட்டுவிடுங்கள். நான்காவதையும் ஐந்தாவதையும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

முதல் படி: ஒரே ஒரு பண்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

பெருவில் பண்பாடுகளின் பெயர்கள் முதலில் தலையைச் சுற்ற வைக்கும். கரால், சாவின், பராக்காஸ், நாஸ்கா, மோச்சே, வாரி, லம்பாயேக்கே, சிமு, இன்கா. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை ஆழமாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதற்கு முன், அதற்குப் பின் என்று தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது மோச்சே. ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வடக்குக் கடற்கரையின் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு எழுத்து இல்லை. ஆனால் எழுத வேண்டியதையெல்லாம் மட்பாண்டத்தில் வரைந்தும் வனைந்தும் வைத்துவிட்டார்கள். வேட்டை, போர், நோய், பிரசவம், காமம், சாவு என்று விட்டுப்போனது எதுவுமில்லை. மனித முகங்களையே குடுவையாக வனைந்திருக்கிறார்கள். ஒருவர் முகம் இன்னொருவரைப் போல இராது. சுருக்கம், தழும்பு, அரைச் சிரிப்பு வரை தெரியும்.

லிமாவின் லார்கோ அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் பட்டியலைப் படங்களுடன் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முன் ஒரு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் அதில் செலவிடுங்கள். நூறு குடுவைகளைப் பார்த்த கண்ணும் ஒன்றையும் பார்க்காத கண்ணும் அங்கே போய் நிற்கும்போது காண்பது ஒன்றல்ல.

இரண்டாம் படி: தாள்களும் தடுப்பூசியும் பருவமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் நாடுகளின் விசாவை, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் வைத்திருந்தால், சுற்றுலாவுக்குப் பெரு தனி விசா கேட்பதில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்கவும் கூடும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

மலைப்பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், மழை இராது. அப்போது லிமா மட்டும் சாம்பல் நிற மூட்டத்துக்குள் கிடக்கும். அருங்காட்சியகத்துக்குள் இருக்கப் போகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. பசிபிக் கடல் சூடேறிப் பெருமழை கொட்டும் எல் நினோ வலுத்த ஆண்டுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை வடக்குக் கடற்கரையைத் தவிர்த்துவிடுங்கள். 2017-இல் துருஹியோ நகரத் தெருக்களிலேயே வெள்ளம் ஓடியது. பல அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஊர்விட்டு ஊர் போகும் நாளாகத் திங்களை வைத்துக்கொண்டால் ஒரு நாளும் வீணாகாது.

மூன்றாம் படி: லிமாவில் கண்ணைப் பழக்குங்கள்

லிமாவுக்கு மூன்று நாள் கொடுங்கள். முதல் நாள் புவேப்லோ லிப்ரே பகுதியிலுள்ள லார்கோவுக்குப் போங்கள். ரஃபேல் லார்கோ ஓய்லே 1926-இல் வடக்கே தன் குடும்பக் கரும்புப் பண்ணையில் தொடங்கிய அருங்காட்சியகம் இது; பிறகுதான் லிமாவுக்கு வந்தது. காட்சிக்கூடங்களில் இருப்பது சிறு பகுதி. இதன் பெருமை சேமிப்பறை. கூரை வரை உயர்ந்த கண்ணாடி அலமாரிகளில் பல்லாயிரம் மட்பாண்டங்களை வகை பிரித்து அடுக்கி, பார்வையாளர் உள்ளே நடந்து பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். ஓர் அலமாரி முழுக்க ஆந்தை, இன்னொன்று முழுக்கக் கடல்நாய், அடுத்தது முழுக்கக் கிழங்கும் சோளமும். ஒரே பொருளை நூறு குயவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை இப்படிக் காட்டும் இடம் உலகில் மிகக் குறைவு.

அங்கே ஒரு குறிப்பிட்ட காட்சியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மெல்லிய செந்நிறக் கோடுகளால் வரைந்தது. உடலிலிருந்து கதிர் வீசும் ஒரு தலைவன் கோப்பையை ஏற்கிறான். எதிரே பாதி மனிதன், பாதிப் பறவை. அடுத்து, இரு பெருங்குஞ்சங்கள் கொண்ட தலையணியுடன் ஒரு பெண், அவள் கையிலும் கோப்பை. கீழே, கை கட்டப்பட்ட கைதிகளின் கழுத்திலிருந்து குருதி எடுக்கிறார்கள். கிறிஸ்டோபர் டோனன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இந்தக் காட்சியைப் பல பாண்டங்களில் அடையாளம் கண்டு தொகுத்தார். இது தேவகதையா, நடந்ததா என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தப் படத்தை ஒரு தாளில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. புகைப்படம் எடுத்தால் மறந்துபோகும். கையால் வரைந்தது மறக்காது. அடுத்த ஒரு வாரம் இந்தத் தாள்தான் உங்களுக்கு வரைபடம்.

இரண்டாம் நாள் மிராஃப்ளோரஸ் பகுதியில் வாக்கா புக்யானா. ‘வாக்கா’ என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். புனித இடம், கோயில் மேடு, சில வேளை வெறும் ஒரு பாறைகூட வாக்காதான். அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் இந்த மேட்டில் சுடாத மண் செங்கற்களைப் புத்தக அலமாரியில் நூல்களை நிறுத்துவதுபோல் செங்குத்தாக, இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்தால் சுவர் சற்று அசைந்து கொடுக்கும், இடியாது.

மூன்றாம் நாள் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள பச்சகாமாக். ஆயிரம் ஆண்டுக்கு மேல் குறி கேட்க மக்கள் நடந்து வந்த தலம். இன்காக்கள் வென்ற பிறகும் அந்தத் தெய்வத்தை அகற்றாமல் பக்கத்தில் தங்கள் சூரியன் கோயிலைக் கட்டினார்கள். அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் மரச் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முன்னும் பின்னும் இரு முகம் கொண்ட தெய்வம் அது.

நான்காம் படி: துருஹியோ

லிமாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். விமானம் உண்டு, ஆனால் இரவு பஸ்ஸில் போவதையே நான் விரும்புகிறேன். இருக்கை படுக்கைபோலச் சாயும். விடியும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாலைவனம், நடுவே எப்போதாவது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பச்சைக் கீற்று. ஒவ்வொரு பச்சைக் கீற்றும் ஒரு காலத்தில் ஓர் அரசு என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வாக்கா டி லா லூனா, அதாவது நிலாக் கோயில், மோச்சேக்களின் பெருங்கோயில். பெயர் பிற்காலத்தார் வைத்தது. 1991 முதல் சாந்தியாகோ உசேதாவும் ரிக்கார்தோ மொராலெசும் தலைமை தாங்கி அகழ்ந்தார்கள். குழுவாக, வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுவார்கள். காலை முதல் குழுவில் சேருங்கள்; பிற்பகலில் காற்று மணலை வாரி அடிக்கும். ஒரு கோயில் பழையதானதும் அதை இடிக்காமல், செங்கல்லால் நிரப்பி மூடி, அதன்மேல் இன்னும் பெரிதாக அடுத்ததைக் கட்டியிருக்கிறார்கள். அப்படி மூடியதால்தான் உள் சுவர்களின் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இன்றும் மங்காமல் இருக்கின்றன. கோரைப்பல்லும் விரிந்த கண்ணுமாக மலைத் தெய்வத்தின் முகம் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

வடக்கு முகப்பின் அடிவரிசைக்கு வரும்போது கையில் உள்ள தாளை எடுங்கள். கழுத்தில் கயிறு பூட்டிய ஆடையற்ற கைதிகளை வீரர்கள் நடத்திச் செல்கிறார்கள். குடுவையின் கீழ்ப்பகுதியில் கண்ட அதே மனிதர்கள். பின்புறம், பாறையை ஒட்டிய முற்றத்தில், 1990-களில் ஸ்டீவ் பூர்ஜே நடத்திய அகழாய்வில் 70-க்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. போரில் பிடிபட்டுக் கழுத்தறுக்கப்பட்டவர்கள். சிலர் அடைமழையில் குழைந்த சேற்றுக்குள் கிடந்தார்கள். பாலைவனத்தில் அடைமழை என்றால் எல் நினோ. வானம் புரண்ட ஆண்டில் தெய்வத்தை அமைதிப்படுத்த முயன்றிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எதிரே தெரியும் குன்று உண்மையில் குன்றல்ல. வாக்கா டெல் சோல். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட செங்கற்களால் ஆனது என்று கணக்கிடுகிறார்கள். ஸ்பானியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பொன் தேடி ஆற்றையே திருப்பிவிட்டு அதைக் கரைத்தார்கள். இன்று நிற்பது மிச்சம்.

மறுநாள் சான் சான். மோச்சேக்களுக்குப் பின் வந்த சிமு அரசின் தலைநகர், ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பு, முழுக்க மண். 1986-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த அதே ஆண்டில் ஆபத்தில் உள்ள களங்களின் பட்டியலிலும் சேர்த்தது. நிக் ஆன் என்னும் அரண்மனை மட்டும் பார்வைக்குத் திறந்திருக்கிறது. சுவர்களில் மீன்கள், நாரைபோன்ற கடற்பறவைகள், வலைக்கண்கள். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: 1470-ஐ ஒட்டி இன்காக்கள் இந்த அரசை வென்றபோது இதன் பொற்கொல்லர்களைத் தங்கள் தலைநகரான குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாளை எல் புரூஹோவுக்குத் தாருங்கள். வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர், கடலோரம். 2006-இல் உலகுக்குத் தெரியவந்த காவ் சீமாட்டி இங்கே இருக்கிறார். இருபதுகளில் இறந்த பெண். கைகளில் பாம்பும் சிலந்தியுமாகப் பச்சை குத்தியிருக்கிறது. உடன் வைத்திருந்தவற்றில் போர்த்தடிகளும் ஈட்டி எறியும் கருவிகளும் உண்டு. மோச்சே அரசர் என்றால் ஆண் என்று அதுவரை நம்பியவர்கள் திகைத்துப்போனார்கள். இங்கே உரக்கப் பேசாதீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடப்பவர் ஒரு மகள், ஒருவேளை ஒரு தாய்.

தொல்லிடங்களில் மயிரே இல்லாத ஒரு நாய் உங்களை எதிர்கொண்டால் அஞ்ச வேண்டாம், அருவருக்கவும் வேண்டாம். மோச்சே பாண்டங்களில் உள்ள அதே இனம். இன்று பெருவின் தேசியச் சொத்து.

ஐந்தாம் படி: சிபான்

துருஹியோவிலிருந்து சிக்லாயோ மூன்றரை, நான்கு மணி நேரப் பயணம். நடுவில் வரும் சான் ஹோசே டி மோரோ என்னும் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1987-இன் தொடக்கத்தில் சிபான் கிராமத்து மண்மேட்டில் கல்லறைக் கொள்ளையர்கள் ஒரு புதையலைத் தோண்டி எடுத்தார்கள். பக்கத்து ஊரின் புரூனிங் அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த வால்டர் அல்வா செய்தி கேட்டு ஓடினார். கொள்ளையருக்கும் கோபங்கொண்ட ஊராருக்கும் நடுவே, அந்த மேட்டிலேயே இரவும் பகலும் கிடந்து அகழ்ந்தார். கொள்ளையர் கை படாத ஓர் அரச கல்லறை கிடைத்தது. மேலே காவலன் ஒருவன் பாதங்கள் வெட்டப்பட்டுக் கிடந்தான். கீழே, பொன்னும் வெள்ளியும் நீலப்பச்சைக் கல்லும் பூண்டு, அந்தத் தலைவன்.

அந்தப் பொருள்கள் இன்று லம்பாயேக்கே ஊரில், 2002-இல் திறந்த அரச கல்லறைகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைபேசியையும் கேமராவையும் வாசலில் வாங்கிக்கொள்வார்கள். நல்லதுதான், மூன்று மணி நேரம் கண்ணால் மட்டும் பாருங்கள். சாய்தளத்தில் ஏறி உச்சியில் நுழைந்து, தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். அகழ்ந்தவர்கள் எந்த வரிசையில் கண்டார்களோ அதே வரிசையில் நீங்களும் காண்பீர்கள்.

இப்போது தாளை மறுபடியும் எடுங்கள். தலைவனின் பிறைவடிவத் தலையணி, காதணி, செங்கோல் எல்லாம் குடுவையில் கோப்பையை ஏற்கும் கதிர் மனிதனுடையவை. பக்கத்துக் கல்லறையில் கிடைத்தவர் பூசகர். அவருடன் ஒரு கோப்பையும், பறவை பொறித்த தலையணியும். அவரே பாதிப் பறவை. 1991-இல், நீங்கள் கடந்துவந்த சான் ஹோசே டி மோரோவில், இரு பெருங்குஞ்சங்கள் கொண்ட தலையணியுடனும் கோப்பையுடனும் ஒரு பெண்ணின் கல்லறையைக் கண்டார்கள். தேவகதை என்று எண்ணிய படத்தில் வேடமேற்றவர்கள் உண்மை மனிதர்கள். லிமாவில் ஒரு குடுவையில் தொடங்கியது இங்கே எலும்பும் பொன்னுமாக எதிரே கிடக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அந்த உணர்வுக்காகத்தான் இந்தப் பயண வரிசையை இத்தனை வற்புறுத்திச் சொல்கிறேன்.

அங்கே ஒரு கழுத்து மாலையைத் தவறவிடாதீர்கள். அதில் பத்து மணிகள் பொன், பத்து மணிகள் வெள்ளி. ஒவ்வொன்றும் ஒரு நிலக்கடலை! பொன் வலப்பக்கம், வெள்ளி இடப்பக்கம். நிலக்கடலை தென் அமெரிக்க மண்ணில் பிறந்த பயிர். கடல் கடந்து நம் ஊருக்கு வந்தபோது மணிலாக்கொட்டை என்று பெயர் பெற்றது. நம் புன்செய்களில் விளைவதை ஓர் அரசன் பொன்னால் செய்து கழுத்தில் அணிந்து புதைந்திருக்கிறான்.

ஆறாம் படி: நேரம் மிஞ்சினால்

தொடக்கத்தைப் பார்க்க விரும்பினால் கரால். லிமாவுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 1994 முதல் ரூத் ஷேடி அகழ்ந்த நகரம். அங்கே மட்பாண்டமே இல்லை. பறவை எலும்பில் செய்த குழல்கள் உண்டு. சிந்துவெளி நகரங்கள் எழுந்த காலத்தை ஒட்டியே இதுவும் எழுந்தது என்பதை நினைத்தபடி அந்த வெறுமையில் நடந்து பாருங்கள்.

நெசவில் நாட்டமுள்ளவர்கள் தெற்கே இறங்கிப் பராக்காஸ், நாஸ்கா போகலாம். தமிழ்நாட்டுத் தறியை அறிந்த கண்ணுக்குப் பராக்காஸ் துணிகள் பெருவிருந்து; இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் சாயம் வெளுக்கவில்லை. நல்ல உடம்பும் பொறுமையும் இருப்பவர்களுக்கு மலைக்கு நடுவே, 3,000 மீட்டருக்கு மேல், சாவின் டி வாந்தார் என்னும் பழங்கோயில். இருட்டுச் சுரங்கத்தின் நடுவில் நாலரை மீட்டர் உயரக் கல் தெய்வம், முதலில் நிறுத்திய இடத்திலேயே இன்னும் நிற்கிறது.

ஏழாம் படி: குஸ்கோ, கடைசியில்

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். முதல் பயணத்தில் இறங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்பி, இரண்டு நாள் தலைவலியோடு அறையில் படுத்துக் கிடந்தேன். விமான நிலையத்திலிருந்து நேராகத் தாழ்வான ஒயாந்தாய்தம்போவுக்கு, 2,800 மீட்டருக்குள் இறங்கிவிடுங்கள். இரண்டு இரவு தங்கி, மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, பிறகு குஸ்கோவுக்கு ஏறுங்கள். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். கோகா இலைத் தேநீரை அங்கே குடிக்கலாம்; இலையை இந்தியாவுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

மச்சு பிச்சு டிக்கெட் நாள், நேரம், நடைவழி மூன்றையும் குறித்தே வழங்கப்படுகிறது. சில மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். குஸ்கோவில் பல இடங்களுக்கு ஒரே சீட்டாக விற்கும் சுற்றுலாச் சீட்டு பயனுள்ளது, ஆனால் பேராலயமும் கோரிகாஞ்சா கோயிலும் அதில் சேராது.

கோரிகாஞ்சாவுக்கு ஒரு காலை முழுவதையும் கொடுங்கள். இன்காக்களின் சூரியன் கோயில்மேல் ஸ்பானியர்கள் மடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் சிதைந்தது; அடியிலிருந்த இன்காச் சுவர் நின்றது. சாந்து இல்லாமல் பொருந்திய கற்களின் இடுக்கில் நகம்கூட நுழையாது. இந்தக் கோயிலின் சுவர்களில் பொன் தகடு வேய்ந்திருந்ததாகப் பழங்குறிப்புகள் சொல்கின்றன. சான் சானிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பொற்கொல்லர்களை அப்போது நினைப்பீர்கள்.

அடுத்து காசா கோன்சா. ஹைராம் பிங்ஹாம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மச்சு பிச்சுவிலிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருள்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின், 2011, 2012-இல் ஊர் திரும்பி இங்கே இருக்கின்றன. பானை, ஊசி, எலும்பு என்று எளிய பொருள்கள். மச்சு பிச்சுவைப் பார்த்த பிறகு வந்து பாருங்கள்; வெறும் கல்லாக நின்ற வீடுகளுக்குள் ஆள் நடமாட்டம் வந்துவிடும்.

எட்டாம் படி: எதையும் வாங்கும் முன்

தொல்லிடங்களின் அருகில் யாராவது துணியில் சுற்றிய பழைய குடுவையை எடுத்து நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். அதைவிட, ஒவ்வொரு குடுவைக்கும் பின்னால் கிண்டிக் குலைத்த ஒரு கல்லறை இருக்கிறது. சிபானில் கொள்ளையர் முதலில் தோண்டிய கல்லறையில் என்னென்ன, எந்த வரிசையில் கிடந்தன என்பதை இனி யாரும் அறிய முடியாது. ஆசையாக இருந்தால் துருஹியோ பகுதிக் குயவர்கள் இன்று செய்யும் நகல்களை அவர்களிடமே நேரில் வாங்குங்கள். அந்தக் கைகளுக்குக் காசு போகட்டும்.

இந்தியா திரும்பும் விமானத்தைப் பிடிக்க எப்படியும் லிமாவுக்கு வருவீர்கள். அன்று பகல் நேரத்தை ஒதுக்கிக்கொண்டு லார்கோவுக்கு இன்னொரு முறை போங்கள். பெட்டியைப் பாதுகாப்பறையில் வைத்துவிட்டு நேராக அந்தக் குடுவையிடம் நடங்கள். தாளில் நீங்கள் வரைந்ததையும் அதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோப்பையேந்தி நிற்கும் அந்தப் பெண் எந்த ஊர்க்காரி என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.